வேதாரண்யம்: கூண்டு ஏறிய நாளில் வீட்டில் இருப்பவர்கள் பேசலாம் வாங்க

மறைக்காட்டான் (காலை 8.55)

ராத்திரி பிடித்த மழை இன்னும் விடவில்லை. கொட்டுகிற மழை இல்லை, நின்று நிதானமாகப் பெய்கிற அடைமழை. நாகை துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாகிவிட்டது. பள்ளிக்கூடம் லீவு. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. கடைத்தெருவில் டீக்கடையும் மருந்துக்கடையும்தான் திறந்திருக்கின்றன.

டிவியைப் போட்டால் சென்னைச் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியதையே அரை மணி நேரமாகக் காட்டுகிறார்கள். நம் ஊர்ப் பெயர் கீழே ஓடுகிற எழுத்தில் ஒரு தடவை வந்து போனது. எனக்கு இது ரொம்ப நாள் ஆதங்கம். வேதாரண்யம் செய்தியில் வருவது இரண்டே சமயம்தான். புயல் வந்தால், இல்லையென்றால் உப்புச் சத்தியாகிரக நாளான ஏப்ரல் 30 வந்தால். அந்த இரண்டிலும்கூட ஊர்க்காரன் முகம் தெரியாது. புயலில் அதிகாரிகள் ஆய்வு, ஏப்ரலில் தலைவர்கள் பெயர். நடுவில் இங்கே வாழ்ந்தவர்கள் என்ன பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதி வைக்க ஆளில்லை.

காலையில் அம்மா சமையலறையில் கல்லுப்பு ஜாடியைத் திறந்து காட்டினார். உப்பு கசிந்து அடியில் தண்ணீர் நின்றது. கடைசியாக வாரிய உப்பில் மெக்னீசியம் அதிகம் தங்கிவிடும். அதுதான் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கிறது. அம்மாவுக்கு அந்த வேதியியல் தெரியாது. "உப்பு அழுதால் மழை மூணு நாளைக்கு விடாது" என்று மட்டும் சொன்னார். இது அவர் அம்மா சொன்னதாம்.

இன்றைக்கு எல்லோரும் வீட்டில்தான் இருப்பீர்கள். பெரியவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள்: எந்தப் புயலைப் பார்த்தார்கள், 1930 உப்புச் சத்தியாகிரகம் பற்றி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள். மழை, செய்தி, ஊர்க்கதை எதுவானாலும் சரி.

துறைக்காற்று (காலை 9.20)

ஆறுகாட்டுத்துறையிலிருந்து எழுதுகிறேன் அண்ணே. முந்தாநாளே மீன்வளத்துறை சொல்லிவிட்டதால் ஒருத்தரும் கடலுக்குப் போகவில்லை. பைபர் படகையெல்லாம் டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுத்துவிட்டோம். என்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தாயிற்று. வலையும் உள்ளேதான் கிடக்கிறது. வீடு முழுக்கக் கடல் வாடை.

இப்போது அடிப்பது கொண்டல், கிழக்குக் காற்று. இதைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம். புயல் நமக்குத் தெற்கே கரை ஏறினால் கொண்டல் பிடித்து அடிக்கும், கடல் ஊருக்குள் வரும். வடக்கே ஏறினால் கச்சான், அதாவது மேற்குக் காற்று அடிக்கும், தண்ணீர் வெளியே இழுத்துக்கொண்டு போகும். என் அப்பா செல்போனைப் பார்ப்பதே இல்லை, வாசலில் நின்று முகத்தில் எந்தப் பக்கம் சாரல் படுகிறது என்று பார்ப்பார். இன்றைக்கு அவர் கணக்கு, சுற்று இன்னும் தூரத்தில் இருக்கிறது, அது இந்தப் பக்கம் வரும் வேகம் இல்லை.

சாப்பாட்டுக்கு வாளைக் கருவாடும் மரவள்ளிக் கிழங்கும். பச்சை மீன் இல்லாத நாளில் எங்களுக்கு அதுதான் விருந்து.

வானிலைப் பித்தன் (காலை 9.45)

துறைக்காற்று அப்பாவின் கணக்கு அறிவியல்படியும் சரி. நம் பக்கத்தில் சுழல் கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதனால் சுழல் மையத்துக்கு வடக்கே இருக்கிற ஊருக்குக் கடலிலிருந்து கரைக்கும், தெற்கே இருக்கிற ஊருக்குக் கரையிலிருந்து கடலுக்கும் காற்று அடிக்கும். கோடியக்கரை இன்னும் விசேஷம். அங்கேதான் கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. ஒரே புயல் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

கூண்டைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 1, 2 இரண்டும் தூர எச்சரிக்கை. கடலில் எங்கோ தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு உடனே ஆபத்தில்லை என்று பொருள். 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். நாகையில் இன்றைக்கு 1 தான்.

இன்னொன்று, "கனமழை" என்பதற்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை கனமழை. அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதிகனமழை. காலை 8.30 மணிக்கு அளந்த கணக்கைத்தான் அன்றைய மழையாகப் போடுவார்கள். காரைக்கால் ரேடார் படத்தில் நம் மேல் இப்போது பெரிய திரட்சி ஒன்றும் இல்லை. மழை மேகம் கடலில்தான் குவிந்திருக்கிறது, மதியத்துக்கு மேல் ஒரு சுற்று வரலாம்.

நாகைக்காரி (காலை 10.05)

கஜா மாதிரி ஆகிவிடாதே? அம்மா காலையிலிருந்து மெழுகுவத்தி வாங்கு, குடத்தில் தண்ணீர் பிடி என்று ஒரே பதற்றம். யூடியூபில் ஒருவர் "டெல்டாவை நோக்கி வரும் அரக்கன்" என்று போட்டிருக்கிறார். அதை ஒருவர் விடாமல் வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள்.

வானிலைப் பித்தன் (காலை 10.15)

இல்லைம்மா. இது இப்போதைக்கு வெறும் தாழ்வு மண்டலம். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் என்று வானிலைத் துறை பதிவு செய்திருக்கிறது. இரண்டையும் ஒப்பிடவே முடியாது. அம்மாவிடம் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், அது எப்போதும் நல்லது. அந்த வீடியோவை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். அடுத்த தடவை உண்மையாகவே பெரிசாக வரும்போது ஜனங்கள் நம்பாமல் போய்விடக் கூடாது.

புஷ்பவனத்துப் பொண்ணு (காலை 10.50)

கஜா பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. எங்கள் வீடு ஓட்டு வீடு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஆரம்பித்தது. ஓடு ஒவ்வொன்றாகப் போகும்போது சத்தம் கேட்காது, காற்றின் சத்தம் அதை மூடிவிடும். மேலே திடீரென்று ஒரு ஓட்டை தெரியும், அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. நானும் தம்பியும் கட்டிலுக்குக் கீழே. அப்பா கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நடுவில் கொஞ்ச நேரம் காற்று அடங்கியது. எல்லாம் முடிந்தது என்று பக்கத்து வீட்டு மாமா வெளியே வந்தார். அப்பா கத்தி உள்ளே அனுப்பினார். 1977-ல் இப்படித்தான் அடங்கி மறுபடி எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது என்று அவருக்குத் தாத்தா சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு மாமாவைக் காப்பாற்றியது. சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் எதிர்க்காற்று வந்தது.

விடிந்து பார்த்தால் எங்கள் தோப்பில் நிற்கிற மரமே இல்லை. தென்னை வேரோடு சாயவில்லை, பாதியில் முறுக்கி ஒடிந்திருந்தது. மா, முந்திரி எல்லாம் குப்புறக் கிடந்தன. கடற்கரைப் பக்கம் போனால் மணலே தெரியவில்லை. கடல் அடியிலிருந்து கருஞ்சேற்றை வாரிக் கொண்டுவந்து முழங்கால் ஆழத்துக்குப் பரப்பியிருந்தது. கோடியக்காட்டு வெளிமான்கள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் அதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் மாறும். தமிழ்நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மாதக்கணக்கானது. வேறு மாவட்டங்களிலிருந்து, வேறு மாநிலங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு ஊரே சேர்ந்து சோறு பொங்கியது. இதையெல்லாம் எந்தப் பேப்பரும் எழுதவில்லை, மறைக்காட்டான் அண்ணன் சொல்வது அவ்வளவும் நிஜம்.

தென்னை வைத்துக் காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த நஷ்டம் புரியும். நிவாரணத் தொகை வந்தது, மரம் வரவில்லை. என் அப்பா இப்போது திருப்பூரில் வேலை செய்கிறார்.

ஓய்வு வாத்தியார் (காலை 11.30)

மகளே, நீ எழுதியதை என் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உன் தாத்தா சொன்னது உண்மை. அந்த 1977 நவம்பர் 12 விடியற்காலைப் புயலை நான் பார்த்தவன். நாகைக்குச் சற்றுத் தெற்கே கரை ஏறியது. எங்களுக்கு ரேடியோவை விட்டால் வேறு வழியில்லை. சாயங்காலம் மாநிலச் செய்தியில் சொன்னார்கள், அதற்கப்புறம் பேட்டரி தீர்ந்துவிட்டது. அன்றைக்கு ஊரில் பாதிக்கு மேல் கீற்று வீடு. கூரை போனால் சுவரும் கரைந்துவிடும். நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை வரைக்கும் அடித்துக்கொண்டு போனது.

ஆனால் அது ஏன் யாருக்கும் நினைவில்லை தெரியுமா? ஒரே வாரம்தான். நவம்பர் 19-ந் தேதி ஆந்திராவில் திவிசீமையில் அதைவிடப் பெரிய புயல் அடித்து, கடல் உள்ளே புகுந்து, பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நாடே அந்தப் பக்கம் திரும்பியது. திரும்ப வேண்டியதுதான், அவ்வளவு பெரிய துக்கம். ஆனால் நம் சனங்களின் துக்கம் ஒரே வாரத்தில் பழைய செய்தியாகிவிட்டது.

அதற்கு முன்னால் 1952 நவம்பர் 30. என் பெரியம்மா அதை "கார்த்திகைப் புயல்" என்பார். 1955 டிசம்பரில் இன்னொன்று, அது ராஜாமடம் பக்கம் ஏறியது. 1964-ல் தனுஷ்கோடி. 2008-ல் நிஷா காரைக்கால் பக்கம் ஏறியபோது காற்றைவிட மழைதான் ஆளைக் கொன்றது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர். தலைஞாயிறு பக்கம் அரிச்சந்திரா நதியும் அடப்பாறும் வடிய வழியில்லாமல் நிரம்பி, சம்பாப் பயிர் முழுக்க முழுகிப் போனது. கடைமடைக்குச் சாபம் இது. தண்ணீர் வேண்டும்போது மேலே இருப்பவர்களுக்குப் போக மிச்சம், வேண்டாதபோது மேலே இருக்கிற எல்லாருடைய தண்ணீரும் நம் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும்.

பருத்தித்துறை மைந்தன் (பகல் 12.05)

வணக்கம் உறவுகளே. கடலுக்கு இந்தப் பக்கத்தில இருந்து எழுதுறன். உங்களுக்குக் கொண்டல் எண்டால் எங்களுக்கும் அதே கொண்டல்தான். இஞ்சயும் விடியத் தொடங்கின மழை, வள்ளங்கள் எல்லாம் கரையில. கோடியக்கரை விளக்கு வெளிச்சம் இரவில எங்கட சனத்துக்கு நல்ல பழக்கம். உங்கட ஊர்க் கோயில் திருவிழாவுக்கு முந்தி எங்கட ஆக்கள் வள்ளத்தில வந்து போனதை அம்மம்மா சொல்லுவா.

2018 புயலுக்கு "கஜா" எண்ட பேரைக் குடுத்தது இலங்கைதான். எங்களுக்கு நினைவில நிற்கிறது 1978 நவம்பர், மட்டக்களப்பை அடிச்சது. பிறகு 2025 நவம்பர் கடைசியில டிட்வா. மலையகத்தில மண் சரிஞ்சு போன ஊர்கள் எத்தனை. 600-க்கு மேல சனம் செத்தது. ஆகையால் கூண்டு ஏறினால் நாங்களும் உங்கட ரேடியோவைத்தான் திருப்பிக் கேட்கிறம்.

துறைக்காற்று (பகல் 12.20)

மைந்தன் அண்ணே, நாங்கள் சின்ன வயதில் கேட்டது உங்கள் இலங்கை வானொலிதான். காரைக்கால் பண்பலை வருகிற வரைக்கும் எங்கள் படகில் வேறு ரேடியோவே எடுக்காது. எல்லை விவகாரம் எவ்வளவோ இருக்கிறது, அதை இன்றைக்கு இங்கே பேச வேண்டாம். மழை நேரத்தில் உங்கள் ஊரும் நன்றாக இருக்கட்டும்.

மறைக்காட்டான் (பகல் 12.50)

வாத்தியார் ஐயாவுக்கும் புஷ்பவனத்துத் தங்கைக்கும் நன்றி. தாத்தா சொன்ன ஒரு வார்த்தை பேரன் காலத்தில் ஒரு உயிரைக் காத்தது என்றால், எழுதி வைப்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

அப்புறம் 1930. பாடப் புத்தகத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ராஜாஜி ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு கிளம்பி, 150 மைல் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் வந்தார். 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்துக் கைதானார். ஆறு மாதச் சிறை. ஊரில் அவர்களுக்கு எல்லா ஏற்பாடும் செய்து வரவேற்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அவர் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். பின்னாளில் 1946-ல் அவர் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தில்தான் என் அக்கா படித்தாள்.

எனக்கு வேண்டியது இதற்கு அடியில் இருக்கிற கதை. வழியில் யார் சோறு போட்டார்கள்?

மன்னார்குடி மதில் (பகல் 1.25)

அதை நான் சொல்கிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம் என்று வந்து எங்கள் மன்னார்குடி வழியாகத்தான் திருத்துறைப்பூண்டிக்குப் போனார்கள். அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், நடைப்பயணத் தொண்டர்களுக்கு இடமோ சோறோ தருகிறவர்களுக்குச் சிறை என்று தமிழில் துண்டறிக்கை அடித்து ஊர் ஊராகப் பரப்பினார். அப்படியும் சோறு கிடைத்தது. எப்படி? சாலையோர மரக்கிளையில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் ஆள் தெரியாமல் பாத்திரத்தோடு வைத்துவிட்டுப் போனார்கள். கொடுத்தவர் யார் என்று தெரிந்தால்தானே பிடிக்க முடியும்?

என் கொள்ளுப்பாட்டி அந்தப் பொட்டலம் கட்டியவர்களில் ஒருத்தி என்று வீட்டில் சொல்வார்கள். புளிச்சோறாம். கெட்டுப்போகக் கூடாது என்று நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, வாழை இலையில் வைத்து, வாழை நாரால் கட்டியது. தாத்தாவுக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. அவர்தான் மரம் ஏறினாராம். பெரியவர்கள் ஏறினால் போலீஸ்காரன் சந்தேகப்படுவான், சிறுவன் ஏறினால் மாங்காய் பறிக்கிறான் என்று விட்டுவிடுவான். இதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை, அந்த வாழை நார் வரைக்கும் அவர் சொன்னதுதான் ஆதாரம்.

திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு, மன்னார்குடி மதிலழகு என்பார்கள். உங்களுக்கும் எங்களுக்கும் இந்த உறவும் சேர்த்துத்தான்.

உப்பளத்து மகன் (பகல் 2.10)

எல்லாவற்றையும் படித்தேன். நல்லாயிருக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நான் அகஸ்தியம்பள்ளி. என் அப்பா உப்பு வாருகிறவர், அவர் அப்பாவும் அதே. 1930 பற்றி இவ்வளவு பேசுகிறோம், அந்த உப்பை விளைவித்தவர்கள் பற்றி இந்த இழையில் ஒரு வரி இல்லை. உப்பு எடுத்தார்கள் என்று சொல்கிறோம். அள்ள உப்பு இருந்தது என்றால் அதற்குப் பாத்தி மிதித்துச் சமன் செய்த ஒருவன் இருந்திருப்பான். அவன் பெயர் என்ன?

இன்றைக்கும் அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் எல்லாம் சேர்த்து 9 ஆயிரம் ஏக்கரில் உப்பு விளைகிறது. தூத்துக்குடிக்கு அடுத்தது நாம்தான். ஜனவரியில் பாத்தி கட்ட ஆரம்பித்தால் மழை வரும் வரைக்கும் வேலை. சித்திரை வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே கண் மங்கிவிட்டது. உள்ளங்காலில் வெடிப்பு ஆறவே ஆறாது, உப்புத் தண்ணீர் அதிலேயே இறங்கும். அதற்கு வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து ராத்திரி அம்மா தடவுவாள். இப்படி ஒரு மழை வந்தால் குவித்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மூன்று மாதம் கையைக் கட்டி உட்கார வேண்டும். மறைக்காட்டான் அண்ணனுக்கு அடைமழை நிம்மதியான நாள். எங்களுக்கு அது கூலி இல்லாத நாள். கோபத்தில் சொல்லவில்லை, எழுத வேண்டும் என்றால் இதையும் எழுதுங்கள்.

மறைக்காட்டான் (பகல் 2.30)

தம்பி, இதை நீ எழுதியதால்தான் இந்த இழைக்கே அர்த்தம் வருகிறது. இந்தக் கேள்வியை முதல் பதிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். உன் தாத்தா காலத்துப் பாத்தி, கூலி, கங்காணி பற்றி அப்பாவிடம் கேட்டு எழுது. வார்த்தை அழகாக இருக்க வேண்டியதில்லை, அவர் பேசுவதை அப்படியே எழுது.

ஓய்வு வாத்தியார் (பகல் 3.05)

உப்பளத்து மகனின் கேள்விக்கு முழுப் பதில் யாரிடமும் கிடைக்காது. ஆனால் பெயர் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். வைரப்பன். நாவிதர். சத்தியாகிரகிகளை அடிக்கிற போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று ஊர் நாவிதர்கள் முடிவெடுத்திருந்த நேரம். ஒருவருக்குப் பாதிச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதியை முடிக்கச் சொல்லி மிரட்டினார்கள், முடியாது என்றார். அதற்காகச் சிறைக்குப் போனார். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அதை நின்று படித்திருப்பார்கள்?

ருக்மிணி லட்சுமிபதியையும் சொல்ல வேண்டும். உப்புச் சத்தியாகிரகத்துக்காகச் சிறை சென்ற முதல் பெண் அவர், அது நம் வேதாரண்யத்தில்தான். காமராஜரும் இங்கே வந்த தொண்டர்களில் ஒருவர். நாமக்கல் கவிஞர் எழுதிய நடைப்பாட்டைத் தொண்டர்கள் வழிநெடுகப் பாடி வந்தார்கள்.

அப்புறம் வேதாரண்யம் கால்வாய். அதைச் சாக்கடை மாதிரிதான் இன்றைக்குப் பார்க்கிறோம். 1863-லிருந்து 1867-க்குள் வெட்டியது, நாகைக்கும் நமக்கும் நடுவில் ஏறத்தாழ 57 கிலோமீட்டர். அதில் போன முக்கியமான சரக்கு உப்பு. மூட்டை மூட்டையாகத் தோணியில் ஏறும். நம் பாத்தியில் விளைந்ததை நம் கால்வாயில் ஏற்றி, நம்மிடமே வரி வாங்கித்தான் விற்றார்கள். அந்த வரி 1947-ல் இடைக்கால அரசு நீக்கும் வரைக்கும் இருந்தது. சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்னால்தான் போனது.

உப்பளத்து மகன் (பகல் 3.20)

வைரப்பன் தூணை நான் தினமும் தாண்டிப் போகிறேன் ஐயா. இந்தக் கதை பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பாவிடம் இப்போதுதான் கேட்டேன், அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நீ எப்போ கேட்ட?" என்றார்.

அவர் சொன்ன இன்னொன்று. அவர் தாத்தா காலத்தில் உப்பளத்தில் காவல் இருக்கும். வேலை முடிந்து போகும்போது வேட்டி மடிப்பை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பாத்தியிலேயே நின்றவன் வீட்டுக் குழம்புக்கு உப்பைக் காசு கொடுத்துத்தான் வாங்கினான். இன்னும் பேசுகிறார். செல்போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். பேட்டரி இருக்கிற வரைக்கும்.

நாகைக்காரி (பகல் 3.30)

அழுதுவிட்டேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார். மெழுகுவத்தி கவலை போய்விட்டது.

திருச்சி வாசகன் (பகல் 3.50)

ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கள் ஊரிலிருந்து நினைவு யாத்திரை கிளம்பி அகஸ்தியம்பள்ளி ஸ்தூபிக்கு வருகிறது. 30-ந் தேதி காலையில் உப்பு அள்ளுவார்கள். அடுத்த ஏப்ரலில் உப்பளத் தொழிலாளர் ஒருவர் கையால் முதல் பிடி அள்ளச் சொன்னால் எப்படி இருக்கும்? ஏற்பாடு செய்கிறவர்களிடம் கேட்டுப் பார்க்கலாமே.

ரயிலில் வருகிறவர்களுக்கு: திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் அகலப்பாதை போட்டு 2023 ஏப்ரல் 8-ல் திறந்தார்கள். 37 கிலோமீட்டர். மழைநாளில் அந்தப் பாதையில் இரண்டு பக்கமும் வயலும் தண்ணீருமாக இருக்கும். பறவை பார்க்கிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். கோடியக்கரையில் அப்போது பூநாரை இறங்கியிருக்கும்.

வானிலைப் பித்தன் (மாலை 4.40)

புதுத் தகவல். தாழ்வு மண்டலம் வடக்கு வடமேற்காக நகர்கிறது, நம் பக்கம் திரும்பவில்லை. நாளைக்கும் விட்டு விட்டு மழை உண்டு. காற்று பெரிசாக இருக்காது. தலைஞாயிறு, வாய்மேடு பக்கம் சம்பா போட்டவர்கள் வடிகால் வாயைப் பார்த்து அடைப்பை எடுத்துவிடுங்கள். பயிர் தூர் கட்டுகிற நேரம், தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் தாங்காது.

துறைக்காற்று (மாலை 5.05)

இங்கே காற்று வாடைக்கு, அதாவது வடக்குக் காற்றுக்குத் திரும்பிவிட்டது. அப்பா சொன்னது போலத்தான். கூண்டை இறக்கும் வரைக்கும் கடலுக்குப் போவதில்லை. மீன்வளத்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுத்த அப்புறம்தான்.

புஷ்பவனத்துப் பொண்ணு (மாலை 5.30)

உப்பளத்து அண்ணா, மழைக்கால நிவாரணம் உங்கள் வீட்டுக்கு வருகிறதா? எங்கள் பக்கத்தில் சில பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

உப்பளத்து மகன் (மாலை 5.55)

வருகிறது தங்கச்சி. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வேலையில்லாத காலத்துக்குச் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய். 2022-லிருந்து அரசு கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு அது போதாது, ஆனால் கந்துக்காரனிடம் போகாமல் அரிசி வாங்கலாம். பதிவு செய்த தொழிலாளிக்குத்தான் கிடைக்கும். பாத்தியில் வேலை செய்கிற பெண்கள் நிறையப் பேர் பெயரைப் பதியாமலே இருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள், ஆதாரும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு வரட்டும், மழை விட்டதும் நானே கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்து தருகிறேன்.

அப்பாவின் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவாகியிருக்கிறது. எழுத்தில் போட ஒரு வாரம் ஆகும். வாத்தியார் ஐயா பிழை பார்த்துத் தருவீர்களா?

ஓய்வு வாத்தியார் (மாலை 6.10)

அனுப்பு தம்பி. எழுத்துப் பிழையை மட்டும் பார்க்கிறேன், உன் அப்பாவின் பேச்சில் கை வைக்க மாட்டேன்.